ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்து அடாஸ் உள்ள கார் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியதன் சாரம் இது: அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மாதத்தில் சில முறை திருச்சியிலிருந்து சென்னைக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போகிறார். இப்போது புதிய கார் வாங்க வேண்டும். அடாஸ், அதாவது கேமரா, ரேடார் வைத்து ஓட்டுநருக்கு உதவும் கருவிகளின் தொகுப்பு, உள்ள மேல் வேரியண்ட் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் அதிகம். ஷோரூமில் "காரே பிரேக் போட்டுக்கொள்ளும் சார்" என்கிறார்கள். நண்பர்களோ "நம்ம ரோட்டுக்கு அதெல்லாம் வேஸ்ட்" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்வி போலத் தெரிந்தாலும், இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தொழில்நுட்பங்களில் எது உயிரைக் காப்பாற்றுகிறது என்று நிரூபணமாகியிருக்கிறது? எது வெறும் சொகுசு? வெளிநாட்டில் நிரூபணமானது நம் சாலையில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? முதல் இரண்டுக்கும் உறுதியாகவே பதில் சொல்லலாம். மூன்றாவதில் கொஞ்சம் யோசித்துத்தான் பேச வேண்டும். நான் வாகன உதிரிபாகத் துறையில் பிரேக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். ஈரத் தரையிலும் ஜல்லி பரப்பிய தரையிலும் காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டு அளவெடுப்பதுதான் தொழில். கேமரா படத்தைப் பார்த்து "இது மனிதன், இது பைக்" என்று முடிவு செய்யும் மென்பொருள் என் துறை இல்லை. அந்த முடிவு பிரேக்குக்கு வந்து சேர்ந்த பிறகு நடப்பதுதான் எனக்கு நெருக்கமாகத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், சேல்ஸ்மேன் வாயே திறக்காத ஒரு விஷயம். இஎஸ்சி. சில நிறுவனங்கள் இஎஸ்பி என்று பெயர் வைத்திருக்கும், இரண்டும் ஒன்றுதான். கார் வழுக்கித் தாறுமாறாகச் சுழலாமல் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. அடாஸ் பட்டியலில் பெரும்பாலும் இதைச் சேர்ப்பதில்லை, பழைய சரக்கு என்பதால். ஆனால் ஓட்டுநருக்கு உதவும் மின்னணுக் கருவிகளிலேயே அதிக உயிரைக் காப்பாற்றியது எது என்று என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1995-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கூபேயில் போஷ் நிறுவனத்தோடு சேர்ந்து இதைக் கொண்டுவந்தார்கள். அப்போது அது பணக்காரர்களின் வண்டிக்கான ஆடம்பரம். 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை, புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ கிளாஸ் என்ற சின்னக் காரை "மூஸ் சோதனை"யில் கவிழ்த்துவிட்டது. மூஸ் என்பது அந்த ஊர்க் காட்டில் இருக்கும் ராட்சத மான். அது திடீரென்று சாலையில் வந்து நின்றால் என்ன செய்வோமோ அதைத்தான் சோதித்தார்கள்: ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் ஒடித்துப் பழைய பாதைக்குத் திரும்புவது. நம் ஊரில் மூஸ் இல்லை, மாடும் நாயும் அந்த வேலையைச் செய்கின்றன. மெர்சிடிஸ் முதலில் மழுப்பிப் பார்த்தது, பிறகு விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, எல்லா ஏ கிளாஸிலும் இஎஸ்பியைப் பொருத்திக் கொடுத்தது. சின்னக் காருக்கு இந்த வசதி இறங்கிவந்த கதை இதுதான்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. ஸ்டியரிங்கை நீங்கள் எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளக்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை இன்னொன்று அளக்கிறது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி வழுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பின்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகிறதா, வெளிப்பக்க முன்சக்கரம் ஒன்றுக்கு மட்டும் பிரேக் விழும். முன்பக்கம் திரும்ப மறுத்து நேராகவே போகிறதா, உள்பக்கப் பின்சக்கரத்துக்கு விழும். கூடவே இன்ஜினின் இழுவையும் குறையும். "நான் முப்பது வருஷம் ஓட்டியவன், எனக்கு எதற்கு?" என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்: எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராக இருந்தாலும் காலுக்குக் கீழே ஒரே ஒரு பிரேக் பெடல்தான். ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட மனிதனால் முடியாது.

இதன் பலனுக்குச் சான்று பலமானது. அமெரிக்கக் காப்பீட்டுத் துறை நடத்தும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு அமைப்பு உண்மையான விபத்துப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டது. வேறு வண்டி சம்பந்தப்படாமல் கார் தானே கட்டுப்பாடு இழந்து உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு, இஎஸ்சி உள்ள கார்களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எஸ்யூவி கவிழ்ந்து உயிர் போகும் விபத்து அதைவிடவும் அதிகமாகக் குறைந்தது. இப்படிப்பட்ட எண் சாலைப் பாதுகாப்பில் அபூர்வம். அதனால்தான் அமெரிக்கா 2012 மாடல் முதலும், ஐரோப்பா 2014 நவம்பர் முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் இதைக் கட்டாயமாக்கின. நம் நாட்டில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்பு மதிப்பீட்டிலும் உயர்ந்த நட்சத்திரம் வாங்க இஎஸ்சி இருக்க வேண்டும். எனவே நீங்கள் பார்க்கும் கீழ் வேரியண்டில் இஎஸ்சி இல்லையென்றால், அடாஸ் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அது உள்ள வேரியண்டுக்குப் போங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஒன்று மட்டும்: இந்தக் கருவிகள் எல்லாம் கடைசியில் நம்பியிருப்பது நான்கு டயர்கள் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பரைத்தான். பூ தேய்ந்த டயரில் எந்த மின்னணு மூளையும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது தானாகவே அவசர பிரேக் போடும் வசதி, அதாவது ஏஇபி. அடாஸ் என்ற மூட்டைக்குள் இருப்பவற்றில் பணத்துக்கு நியாயம் செய்வது இதுதான். முன் பம்பரிலோ கிரில்லிலோ உள்ள ரேடார், எதிரே இருப்பது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று அளக்கும். முன் கண்ணாடியின் மேல்பகுதியில் உள்ள கேமரா அது என்ன பொருள் என்று அடையாளம் காணும். சில கார்களில் ரேடார் கிடையாது, கேமரா மட்டும். மோதப்போகிறோம் என்று கணக்கு வந்தால் முதலில் சத்தம் போடும், நீங்கள் கேட்கவில்லை என்றால் தானே பிரேக்கை அழுத்தும்.

இதில் மிச்சமாகும் நேரம் ஒரு வினாடி, சில சமயம் அதற்கும் கீழ். அது பெரிய விஷயமா என்று தோன்றலாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு சுமார் 28 மீட்டர் ஓடுகிறது. நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் முழு பிரேக்கில் நிற்க சுமார் 48 மீட்டர் வேண்டும். ஒரே மாதிரி இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, ஒன்று மற்றதைவிட ஒரே ஒரு வினாடி தாமதமாக பிரேக் போடுகிறது என்று வையுங்கள். முதல் கார் நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் என்ன தெரியுமா? இன்னும் மணிக்கு 76 கிலோமீட்டர். முன்னால் நிற்பது லாரி என்றால், ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வண்டியைவிட்டு இறங்குவார், இன்னொருவரை, வண்டியை வெட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். முழுமையாக நிற்காவிட்டாலும் பலன் உண்டு. மோதும் வேகம் 80-லிருந்து 50-ஆகக் குறைந்தால் மோதலின் ஆற்றல் பாதிக்கும் கீழே, ஏறக்குறைய 39 சதவீதமாக இறங்கிவிடும். அந்த அளவை சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் சமாளித்துவிடும்.

ஐஐஎச்எஸ் கணக்கில், முன்னால் போகும் வண்டியின் பின்னால் போய் மோதும் விபத்துகள் ஏஇபி உள்ள கார்களில் பாதியாகக் குறைந்தன. வெறும் எச்சரிக்கை மணி மட்டும் உள்ள கார்களில் 27 சதவீதம்தான் குறைந்தன. ஆகவே "மோதல் எச்சரிக்கை" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள், அது பிரேக்கும் போடுமா என்று கேளுங்கள்.

சரி, இனி நம் சாலைக்கு வருவோம். உறுதியான தரையிலிருந்து கொஞ்சம் இறங்க வேண்டிய இடம் இது. மேலே சொன்ன எண்கள் அமெரிக்காவில், கார்கள் பெருவாரியாக ஓடும் சாலைகளில் எடுத்தவை. இந்தியாவில் 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் சுமார் 44 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடுதான், 64,105. ஆகவே நம் ஊரில் இந்தக் கருவி பைக்கையும் பாதசாரியையும் பார்க்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

பார்க்கிறது, ஆனால் காரைப் பார்ப்பதுபோல அவ்வளவு நன்றாக இல்லை. ஐஐஎச்எஸின் இன்னொரு ஆய்வில், காரின் பின்னால் மோதுவது 53 சதவீதம் குறைந்தபோது, பைக்கின் பின்னால் மோதுவது 41, லாரியின் பின்னால் மோதுவது 38 என்ற அளவில்தான் குறைந்தது. பாதசாரிகள் மீது மோதும் விபத்து 27 சதவீதம் குறைந்தது, ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் வித்தியாசமே தெரியவில்லை. உளுந்தூர்பேட்டைக்கு முன்னும் பின்னும் ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். 2025-ல் வெளியான ஒரு சோதனையில் இன்னொரு விசித்திரம்: ஒளியைத் திருப்பும் பட்டை தைத்த உடை போட்ட பொம்மையைச் சில கார்கள் கண்டுகொள்ளாமல் இடித்துவிட்டன. நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது கேமராவுக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்க அரசு 2024-ல் போட்ட புது விதி, இருட்டிலும் பாதசாரியைப் பார்த்து பிரேக் போட வேண்டும் என்று கேட்கிறது. அதற்கு அப்போது நிறுவனங்களுக்குக் கொடுத்த கெடு 2029 செப்டம்பர். இன்று விற்கும் பல கார்கள் அந்த அளவுக்கு வரவில்லை என்பதை அந்தக் கெடுவே காட்டுகிறது.

இன்னொரு குறை நம் நெடுஞ்சாலைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ரேடாருக்கு ஓடுகிற வண்டியைப் பிரித்தறிவது சுலபம். அசையாமல் நிற்பது கஷ்டம், ஏனென்றால் மேம்பாலம், பெயர்ப் பலகை, ரோட்டில் பதித்த இரும்பு மூடி எல்லாவற்றிலிருந்தும் எதிரொலி வரும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வரும் பஸ் நம் மேல் ஏறிவிடும். அதனால் பல அமைப்புகள், குறிப்பாகப் பழையவை, அதிக வேகத்தில் போகும்போது அசையாத எதிரொலிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபடிதான் வடிவமைக்கப்பட்டன. கேமரா கூடச் சேர்ந்த பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. இரவில் பின்விளக்கு எரியாமல், ரிஃப்ளெக்டர் இல்லாமல் இடது ஓரம் பாதி ரோட்டை அடைத்து நிற்கும் லாரி, நம் ஊரில் கார்காரர்களைக் கொல்லும் முக்கியமான வில்லன். அதே லாரிதான் இந்தக் கருவிக்கும் மிகக் கடினமான பரீட்சை. ராங் சைடில் எதிரே வரும் டிராக்டர், குறுக்கே ஓடும் மாடு இவையும் அப்படித்தான். காரோடு தரும் கையேட்டில் இதையெல்லாம் எழுதியே இருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே அந்தக் கையேட்டை நிறுவனத்தின் தளத்தில் இறக்கி, ஏஇபி எந்த வேகம் வரை வேலை செய்யும், பைக்கையும் சைக்கிளையும் அடையாளம் காணுமா என்ற இரண்டு பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள். அடாஸ் என்ற ஒரே பெயரில் விற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே இதில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

ஆகவே நம் சாலையில் ஏஇபி விபத்தை அமெரிக்காவைப்போலப் பாதியாகக் குறைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பயனே இல்லை என்று சொல்லும் உங்கள் நண்பர்களோடும் ஒத்துப்போக மாட்டேன். டோல்கேட் வரிசைக்கு முன்னால், மேம்பாலம் முடியும் இடத்தில், முன்னால் போகும் கார் சட்டென்று நிற்கும் வகையான விபத்து நம்மிடமும் ஏராளம். அதில் அது வேலை செய்யும்.

லேனுக்கு நடுவிலேயே காரைப் பிடித்து வைப்பது, முன்வண்டியோடு இடைவெளி விட்டுத் தானே வேகம் கூட்டிக் குறைப்பது, இவை வேறு ரகம். விளம்பரத்தில் அதிகம் காட்டுவது இவற்றைத்தான். இவை அலுப்பைக் குறைக்கும். விபத்தைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல சான்று இல்லை. 2024-ல் ஐஐஎச்எஸ் இப்படிப் பாதி தானாக ஓட்டும் 14 அமைப்புகளை, ஓட்டுநரின் கவனத்தை எவ்வளவு கண்காணிக்கின்றன என்று மதிப்பிட்டது. 11 அமைப்புகளுக்கு "மோசம்" என்றே மதிப்பெண் வந்தது. 2016-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஆட்டோபைலட் போட்டுப் போன டெஸ்லா கார் சாலையைக் குறுக்கே கடந்த டிரெய்லருக்கு அடியில் புகுந்து ஓட்டியவர் இறந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன காரணங்களில் முக்கியமானது, ஓட்டுநர் அந்த அமைப்பை அளவுக்கு மீறி நம்பினார் என்பது.

இந்த "அளவுக்கு மீறி நம்புவது" இன்று நேற்று வந்த நோய் இல்லை. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்ஸிகளில் ஒரு பகுதிக்கு, அழுத்தி பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பொருத்தி, மற்றவற்றுக்குப் பொருத்தாமல் பல ஆண்டு கவனித்தார்கள். பயணிபோல ஏறி உட்கார்ந்து, ஓட்டுநருக்குத் தெரியாமல் அவர் எப்படி ஓட்டுகிறார் என்று குறிப்பெடுக்கவும் ஆட்களை அனுப்பினார்கள். விபத்து எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஏபிஎஸ் வண்டி ஓட்டியவர்கள் வளைவில் இன்னும் வெட்டித் திருப்பினார்கள், இன்னும் துணிச்சலாக ஓட்டினார்கள். பிரேக் துறையில் இருந்த எங்களுக்கு அது கசப்பான பாடம். ஆனால் எல்லாக் கருவிக்கும் இதைப் பொதுவாக்கவும் முடியாது. இஎஸ்சியில் அப்படி நடக்கவில்லை என்று மேலே பார்த்தோம். என் ஊகம் என்னவென்றால், ஓட்டும்போது தினமும் உணர முடிகிற உதவி நம்மைத் துணிய வைக்கிறது, பேசாமல் பின்னால் நிற்கும் உதவி அப்படிச் செய்வதில்லை. இது ஊகம்தான், நிரூபணம் இல்லை. லேன் உதவி முதல் வகை, ஏஇபி பெரும்பாலும் இரண்டாம் வகை.

மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை, அதாவது கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டில் வண்டி வந்தால் சொல்லும் வசதி, லேன் மாறும் விபத்துகளை 14 சதவீதம் குறைத்ததாகக் கணக்கு. எண் சின்னதுதான், ஆனால் இடது பக்கம் நுழைந்து வரும் பைக்குகளுக்காகவே எனக்கு அது பிடிக்கும். ரிவர்ஸ் கேமரா அவசியம், வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடும் தெருவில் கேள்வியே இல்லை. தூக்கத்தைக் கண்டுபிடித்து காபி கோப்பைப் படம் காட்டுவது பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் அசைவை வைத்துப் போடும் அனுமானம்; அது காட்டவில்லை என்பதற்காக ராத்திரி இரண்டு மணிக்குத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. லேன் விலகல் எச்சரிக்கை கோடு இருக்கும் நெடுஞ்சாலையில் கண் அசந்தவரை எழுப்பும், கோடு அழிந்த ஊர் ரோட்டில் தொல்லை. அமெரிக்காவிலேயே, சர்வீஸுக்கு வந்த ஹோண்டா கார்களைப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கில்தான் அதை ஆன் செய்து வைத்திருந்தார்களாம்.

உங்கள் விஷயத்தில் என் முடிவு: இஎஸ்சி, ஆறு ஏர்பேக், பின் சீட்டில் மூன்று பேருக்கும் முழு சீட் பெல்ட் இவை கீழ் வேரியண்டிலேயே இருந்து, ஒன்றரை லட்சம் உங்கள் கையைக் கடிக்காது என்றால், நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டும் அப்பாவுக்கு ஏஇபிக்காக மேல் வேரியண்ட் வாங்கலாம். அந்த ஒன்றரை லட்சத்துக்குக் கடன் நீள வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள், அந்தப் பணத்தில் சிறு பங்கு நல்ல டயருக்குப் போகட்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவராக இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

வாங்கினால் முதல் வாரத்திலேயே அப்பாவோடு உட்கார்ந்து செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள். மோதல் எச்சரிக்கை எவ்வளவு முன்னதாக வர வேண்டும் என்று பல கார்களில் மாற்றலாம். நம் நெரிசலில் சீக்கிரம் கத்தும்படி வைத்தால் எரிச்சலில் மொத்தமாக அணைத்துவிடுவார். ஊருக்குள் லேன் உதவியை அணைத்துவிட்டு ஏஇபியை மட்டும் எப்போதும் விட்டு வையுங்கள். ஆயுத பூஜைக்கு முன்பக்கம் மாலை போட்டு, ரேடார் இருக்கும் இடத்தில் சந்தனம் பூசினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். துடைத்துவிட்டால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். கல் பட்டு முன் கண்ணாடி உடைந்தால் மட்டும் மலிவாக வெளியே மாற்றாதீர்கள். கேமராவை மறுபடி கேலிபிரேட் செய்யாவிட்டால் அது பார்க்கும் கோணமே தப்பாகிவிடும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது கண்ணாடி கிளெய்மில் அந்தச் செலவும் சேருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.